மேலே என்றால் ட்ரியர்

கொல்லன் வீட்டு ரோஸ்விதா அன்றைக்குக் கை தூக்கியது கதவைச் சாத்தச் சொல்லத்தான். பாதைச் சங்கத்துக்காரர்கள் அதை வேறு மாதிரி எழுதிக்கொண்டார்கள்.

இருபது வருடத்துக்கு முந்தைய சங்கதி. மோசல் ஆற்றங்கரையோடு போகிற சைக்கிள் பாதையில் எங்கள் லேயன்பெர்க் எல்லைக்குள் வரும் நாலு கிலோமீட்டரை யார் பார்த்துக்கொள்வது என்று ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. ஆண்கள் அத்தனை பேரும் அவரவர் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் பூட்ஸில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு நேரம் பார்த்தேன். பிப்ரவரி மாதம். பின்கதவு திறந்து கிடந்து குளிர் முதுகில் ஏறியது. ரோஸ்விதா கையைத் தூக்கினாள். மேடையில் இருந்தவர் "ரொம்ப நன்றிங்க" என்று அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அவசர அவசரமாகக் கை தட்டிவிட்டோம்.

வெளியே வந்ததும் சொன்னேன், "போய்ச் சொல்லு ரோஸ்விதா, தப்பா எழுதிட்டாங்கன்னு."

"தூக்கியாச்சு. எதுக்குத் தூக்கினேன்னு இனிமே என்ன பேச்சு?" என்றாள். பத்தடி நடந்த பிறகு, "கதவையாவது சாத்தினானுங்களா, அதுவும் இல்ல" என்றாள்.

அவள் வீட்டில் கொல்லன் இருந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் வீட்டுப் பெயர் வீட்டுப் பெயர்தான். அவளுடைய குடும்பப் பெயரைக் கேட்டால் தபால்காரர் ஒருவர்தான் சொல்வார். நானும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இப்போது அறுபத்திரண்டு வயது இருவருக்கும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "மூவாயிரம் கொடி வச்சிருக்கேன். இன்னொருத்தனுக்கும் தண்ணி ஊத்தி வளக்கணுமா?" என்பாள். அந்த மூவாயிரமும் ரீஸ்லிங் திராட்சைக் கொடி. ஊருக்குப் பின்னால் கருங்கற்பலகையாக நிற்கிற சரிவில், மனுஷன் நிற்பதே கஷ்டமான இடத்தில் இருக்கின்றன. அந்தச் சரிவில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று ஏறும். அதில் ஓர் இருக்கையும், பின்னால் திராட்சைத் தொட்டி வைக்கிற தட்டும் உள்ள சின்ன மோட்டார் வண்டி. நாங்கள் அதைக் கழுதை என்போம். கழுதையைப் போலவே கத்தும், கழுதையைப் போலவே மெதுவாகப் போகும், மழை பெய்தால் கழுதையைப் போலவே நின்றுவிடும்.

பாதையைப் பார்த்துக்கொள்வது என்றால் துடைப்பத்தை எடுத்து ஒரு வீசு வீசுவது என்று நினைத்திருந்தோம். சரிவிலிருந்து கற்சில்லு உதிர்ந்துகொண்டே இருக்கும். கத்தி முனை மாதிரி. அதில் ஏறினால் சைக்கிள் டயர் அவ்வளவுதான். ரோஸ்விதா விடிந்ததும் நாலு கிலோமீட்டரையும் பெருக்குவாள். அதற்குப் பிறகுதான் காப்பி. எங்கள் பாதையில் ரொட்டியைத் தரையிலேயே வைத்து வெண்ணெய் தடவலாம். இதை நான் அக்கரை எர்ல்ஹாஃப் ஊர்க்காரர்கள் காதில் விழும்படி பல தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆற்றுச் சேறு இன்னொரு வேலை. மோசல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆறு. வந்ததைப் பற்றி நாங்கள் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. போகும்போதுதான் விழித்திருக்க வேண்டும். நீர் இறங்க இறங்கக் கூடவே இறங்கி, அது விட்டுவிட்டுப் போகிற சேற்றை அந்தத் தண்ணீரிலேயே தள்ளிவிட வேண்டும். அரை நாள் அசந்தால் சேறு காய்ந்து சிமென்ட் ஆகிவிடும், பிறகு கடப்பாரைதான். நாங்கள் எங்கள் கூடத்தையும் நிலவறையையும் தள்ளுவோம். ரோஸ்விதா முதலில் பாதையைத் தள்ளுவாள், பிறகுதான் தன் வீட்டை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் பலகை கட்டிய நீளக்கழி, ஆற்றைப் பார்த்தபடி ஒவ்வோர் அடியாக இறங்குவாள். அவள் ஆற்றைத் துரத்துகிற மாதிரி இருக்கும். என் மனைவி இர்ம்கார்ட் ஜன்னலில் நின்று, "பாரு எகோன், பொம்பள ஒருத்தி ஆத்தையே வெளிய போன்னு சொல்றா. நீ பூனையை வெளிய அனுப்பவே என்னைக் கூப்பிடற" என்பாள்.

போன வருடம் ஜனவரியில் வந்த வெள்ளம் எங்கள் ஊர்க் கவட்டில் நின்ற வழிகாட்டிப் பலகையைக் கம்பத்தோடு கொண்டுபோய்விட்டது. கவடு என்று நாங்கள் சொல்வது பாதை இரண்டாகப் பிரிகிற இடம். ஒன்று சிமென்ட் போட்டு அகலமாக, பார்க்க ராஜபாட்டை மாதிரி, சரிவுக்குள் ஏறும். அது திராட்சைக்காரர்கள் வழி, உச்சியில் ஒரு சிலுவையோடு முடிந்துவிடும். இன்னொன்று தாழ்ந்து தொங்குகிற மரங்களுக்குக் கீழே குனிந்து, யாருடைய தோட்டத்துக்குள்ளோ நுழைகிற மாதிரி ஆற்றோடு போகும். அதுதான் சைக்கிள் பாதை. பலகை இல்லாவிட்டால் யாரும் ராஜபாட்டையில்தான் போவார்கள்.

புதுப் பலகை கேட்டு ரோஸ்விதா சங்கத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் இல்லை. மார்ச் மாதம் தன் பழைய பீப்பாயின் மூடிப் பலகையை எடுத்து, வெள்ளை அடித்து, தானே எழுதி நட்டுவிட்டாள். "ட்ரியர் மேலே" என்று எழுதி மேல்நோக்கி ஓர் அம்பு. "கோப்ளென்ஸ் கீழே" என்று எழுதிக் கீழ்நோக்கி ஓர் அம்பு. ஊரே வந்து பார்த்தது. எழுத்து அழகாக இருக்கிறது என்றோம். ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

எப்படித் தெரியும்? எங்களுக்கு மேலே என்றால் வானமும் இல்லை, மலையும் இல்லை. தண்ணீர் வருகிற பக்கம் மேலே, அங்கேதான் ட்ரியர் நகரம்; போகிற பக்கம் கீழே, அங்கே கோப்ளென்ஸ். மலைக்குப் போவதை "சரிவுக்குள்ள போறேன்" என்போம். சர்ச்சுக்கு மேல் மூன்றாவது வீடு என்று சொன்னால் ஏணி தேட மாட்டோம். படுக்கையில் இர்ம்கார்ட் "கொஞ்சம் மேல தள்ளிப் படு" என்று சொன்னால் நான் ட்ரியர் பக்கம் நகருவேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இதில் மட்டும் எங்களுக்குச் சண்டை வந்ததில்லை.

ஈஸ்டர் வாரத்தில் ஒரே நிறச் சட்டை போட்ட பதினான்கு பேர் வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். அம்பு மேலே காட்டியது. மூட்டை கட்டிய பதினான்கு சைக்கிள்களையும் தள்ளிக்கொண்டு சரிவுக்குள் ஏறினார்கள். எங்கள் வீட்டில் ஒயினும் அடையும் விற்கிற கூடத்து ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், "விடுமுறைக்கு வந்த ஜனம் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு" என்று மெச்சியதை மறைக்க விரும்பவில்லை. உச்சியில் சிலுவையைத் தவிர எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் அங்கே செபம் செய்யவில்லை. படம் எடுத்துப் புகார் எழுதினார்கள்.

சங்கத்தின் கடிதம் ஏப்ரல் கடைசியில் வந்தது. மூன்று கடிதத்துக்கு வராத பதில் ஒரு புகாருக்கு வந்துவிட்டது. ரோஸ்விதா அதை என் கூடத்து மேசையில் விரித்து வைத்தாள். பலகையை உடனே பிடுங்க வேண்டும். சங்கத்தின் முத்திரை இல்லாத எதையும் இனி நடக் கூடாது. பருவம் முடிகிற அக்டோபர் வரை பார்ப்பார்கள். அதற்குள் லேயன்பெர்க்கில் இன்னும் ஒருவர் வழி தப்பினாலும், பாதையின் தலைமை வழி பாலம் ஏறி அக்கரைக்கு மாறும், இப்போது கிளைவழியாக மட்டும் இருக்கிற எர்ல்ஹாஃப் வழியாகப் போகும். எங்கள் நாலு கிலோமீட்டர் வரைபடத்தில் புள்ளிக்கோடு ஆகிவிடும். புதுப் பலகை அந்த முடிவுக்குப் பிறகுதான்.

"புள்ளிக்கோடா?" என்றாள் இர்ம்கார்ட்.

"பத்தொம்பது வருஷமாப் பெருக்கினது புள்ளிக்கோடாம்" என்றாள் ரோஸ்விதா. அவள் கை மேசையில் இல்லாத ஒரு தூசியைத் தள்ளிக்கொண்டிருந்தது. "தப்பு என்னோடதுதான், இல்லேங்கல. ஆனா தப்பு பலகையில இருக்கு. பாதையில இல்ல."

"எர்ல்ஹாஃப்காரனுங்க முகத்துல எப்படி முழிக்கறது?" என்றேன்.

"நீ ஏன் முழிக்கற? ஒருத்தரும் வழி தப்பக் கூடாது, அவ்வளவுதானே? தப்ப விடமாட்டேன்."

மறுநாளே பலகையைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் தானே நின்றாள். ஆமாம், அப்படியே. கவட்டை ஒட்டி இருந்த மூன்று வரிசைக் கொடி அவளுடையதுதான். அந்த வருடம் அந்த மூன்று வரிசைக்கு நடந்த உபசாரம் வேறு எந்தக் கொடிக்கும் நடந்திருக்காது. தளிர் கட்டுவதும் அங்கேதான், இலை கிள்ளுவதும் அங்கேதான். மீதி வேலையைச் சைக்கிள் வராத விடிகாலையில் முடித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கவட்டுக்கு வந்துவிடுவாள். ஆறு மணி வரை அங்கேதான் இருப்பாள். வருகிறவர் வாய் திறக்கும் முன்னே கை நீளும். "ஆத்தோட போங்க. மரத்துக்கு அடியில. தண்ணி வர்ற பக்கம்." மழையில் ரப்பர் கோட்டு, வெயிலில் வைக்கோல் தொப்பி. ஒரு குழந்தை அவளைப் பொம்மை என்று நினைத்துக் கிள்ளிப் பார்த்தது.

எங்களில் யாரையும் அவள் நம்பவில்லை. "உங்க வாயில மேல, கீழன்னுதான் வரும். எங்கிட்டயும் வந்தது. நான் நிறுத்திட்டேன்." உண்மையிலேயே நிறுத்திவிட்டாள். அந்த இரண்டு சொல்லும் அவள் வாயில் ஆறு மாதம் வரவில்லை. என் கூடத்துப் பரணில் இருந்து கூடை எடுக்க வேண்டுமென்றால், "எகோன், கூரைப் பக்கமா இருக்குதே, அதை எடு" என்பாள். ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மே, ஜூன், ஜூலை போயிற்று. ஒருவரும் தப்பவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. பாதையில் சைக்கிள் மணி கேட்டால் கூடத்தில் சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரியான பக்கம் போகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்டில் அவளுக்குப் பல்வலி வந்து தாடை வீங்கியது. நாலு நாள் தாடையில் துணி கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. இர்ம்கார்ட் போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"இப்பவே டாக்டர்கிட்ட போற. இல்லேன்னா உன்னைக் கழுதையில வச்சுக் கட்டி அனுப்புவேன். மத்தியானம் வரைக்கும் எகோன் நிப்பான்."

ரோஸ்விதா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எங்கள் முதல் வகுப்பு வரைக்கும் தெரிந்தது.

"டேய் எகோன். வாயைத் தொறக்காத. கையை மட்டும் நீட்டு. என்ன செய்வே?"

"கையை நீட்டுவேன்."

"வாயை?"

"மூடிக்குவேன். போ தாயே."

இரண்டு மணி நேரம் அப்படியே செய்தேன். முப்பது பேருக்கு மேல் அனுப்பினேன். ஊமை என்று நினைத்து ஒருவர் எனக்குக் கையாலேயே நன்றி சொன்னார். எனக்கே என்னைப் பிடித்துப்போனது. பதினொன்றேகால் மணிக்கு இர்ம்கார்ட் உருளைக்கிழங்கு அடையும் காப்பியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கோப்பை. அப்போது மஞ்சள் பை மாட்டிய டச்சுக்காரத் தம்பதி வந்து, மிக மரியாதையாக, "ட்ரியருக்கு எப்படிங்க போகணும்?" என்று கேட்டார்கள்.

கை இரண்டும் நிறைந்திருந்தது. வாய்தான் காலியாக இருந்தது.

"மேல" என்றேன்.

அவர்கள் நன்றி சொன்னார்கள். நான் அடையை முடித்தேன். நன்றாக இருந்தது. தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சரிவின் நடுவே, கொடிகளுக்கு மேல் இரண்டு மஞ்சள் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. கத்தினேன். கேட்கிற தூரம் இல்லை. ஓடினேன். அறுபத்திரண்டு வயதும் காலையில் குடித்த அரை கோப்பை ஒயினும் சரிவுப் படிக்கட்டின் மூன்றாவது படியிலேயே என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டன.

அப்போதுதான் ரோஸ்விதா திரும்பி வந்தாள். பாதி முகம் மரத்துப்போய்த் தொங்கியது. என்னைப் பார்த்தாள், நான் பார்த்த திசையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நேரே போய்க் கழுதையைக் கிளப்பினாள். அது கத்திக்கொண்டே ஏறியது.

உச்சியில் சிலுவைக்கடியில் அவர்கள் செக்கச்சிவந்து உட்கார்ந்திருந்தார்களாம். ரோஸ்விதா மரத்த வாயால் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். ஒரு சொல்லும் அவர்களுக்குப் புரியவில்லை. இந்த ஊரில் காலையிலேயே குடித்துவிடுவார்கள் போல என்று நினைத்திருக்கிறார்கள். சைக்கிள்களைத் திராட்சைத் தட்டில் வைத்துக் கயிற்றால் கட்டி, முதலில் அந்த அம்மாவை, பிறகு அந்த மனிதரை என்று இரண்டு நடையாகக் கீழே கொண்டுவந்தாள். சரிவைப் பார்த்து அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். எங்கள் கூடத்தில் அவர்களுக்கு அடை போட்டு, நல்ல ரீஸ்லிங் ஒயின் ஊற்றி, நடந்ததை இர்ம்கார்ட் சொன்னாள். புள்ளிக்கோட்டுச் சங்கதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கோப்பை உருண்டது.

"நாங்க யாருகிட்டயும் மூச்சு விடமாட்டோம்" என்றார் அந்த மனிதர். சொன்னபடியே செய்த நல்ல மனுஷர். ரோஸ்விதா அவர்களைக் கவடு வரை கொண்டுபோய், மரத்தடியில் நுழைத்து, கண்ணுக்கு மறையும் வரை நின்றாள்.

திரும்பி வந்தவளிடம், "யாருக்கும் தெரியாது ரோஸ்விதா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். பாதி வாயால் சொன்னதால் அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரும் அக்டோபரும் அறுவடை. அறுவடையிலும் அவள் கவட்டை விடவில்லை. சரிவில் அவள் பழத்தை நாங்கள் பறித்தோம். ஊரில் யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றவில்லை. அக்டோபர் கடைசி சனிக்கிழமை, பக்கத்து டவுன் பள்ளிக்கூட மண்டபத்தில் சங்கத்தின் வருடக் கூட்டம். கோப்ளென்ஸிலிருந்து மேலே வரைக்கும் பாதையில் உள்ள முப்பத்தேழு ஊர்களின் பொறுப்பாளர்களும் வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து இருபது பேர் போனோம். சாறு பட்டுக் கறுத்த விரல்களைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தோம். எர்ல்ஹாஃப் பொறுப்பாளன் ஹார்ட்முட் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்தான். எங்கள் நாலு கிலோமீட்டரை மடியில் வைத்திருப்பவன் போல இருந்தது அவன் உட்கார்ந்த விதம்.

பொறுப்பாளர்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் ஒரே கேள்வி: இந்தப் பருவத்தில் உங்கள் பகுதியில் வழி தப்பியவர்கள் எத்தனை பேர்? ரோஸ்விதா என் முதுகில் வைத்து எழுதினாள். ஒரு நொடியில் எழுதிவிட்டாள். "இல்லை" என்று எழுத அவ்வளவு நேரம்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கத்துக்கு அந்த வருடம்தான் தலைமைக்கு வந்திருந்தவர் திருமதி வெண்ட். வடக்கே கடல் பக்கத்து ஊர்க்காரர், ஒல்லியான, சிரிக்காத பெண்மணி. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். இல்லை. இல்லை. எர்ல்ஹாஃப், இல்லை. இல்லை.

"லேயன்பெர்க்" என்று நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு பேர்."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. இர்ம்கார்ட் என் தொடையைக் கிள்ளினாள், நான்தான் எழுதினேன் என்பது போல.

"லேயன்பெர்க் பொறுப்பு யாரு?"

ரோஸ்விதா எழுந்தாள். "நான்தாங்க. ஆகஸ்ட் பதினாலு. பதினொண்ணேகாலுக்கு ரெண்டு பேர் சரிவுக்குள்ள போயிட்டாங்க. ரெண்டு மணிக்கு இறக்கிக் கொண்டாந்து சரியான வழியில விட்டேன்."

"எங்களுக்குப் புகார் எதுவும் வரலையே?"

"வராதுங்க. எழுத மாட்டோம்னுட்டாங்க."

"அப்போ நீங்க ஏன் எழுதினீங்க?"

"புகார் எத்தனைன்னு நீங்க கேக்கலையே. வழி தப்பினவங்க எத்தனைன்னு கேட்டிருக்கீங்க."

ஹார்ட்முட்டின் தோள் சிரிப்பில் குலுங்கியது பின்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"அம்மா, அவங்களை அனுப்பினது நான். அவ டாக்டர்கிட்ட போயிருந்தா. நான்தான் அங்க நின்னேன்."

"டேய், உக்காரு. பாதை என்னோடது" என்றாள் ரோஸ்விதா.

"வாய் என்னோடதுடி!"

மண்டபமே இடிந்துபோகிற மாதிரி சிரித்தது. திருமதி வெண்ட் சிரிக்கவில்லை. "அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"மேலேன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ட்ரியர் மேலதானேம்மா இருக்கு?"

"வேற எங்க இருக்கு?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். முப்பத்தேழு ஊர்க்காரர்களும் தலையாட்டினார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே ஆற்றுக்காரர்கள்தான்.

திருமதி வெண்ட் சீட்டுகளைத் தட்டி அடுக்கி மேசையில் வைத்தார். "முப்பத்தேழு சீட்டு. முப்பத்தாறுல 'இல்லை'ன்னு இருக்கு. ஜூன் மாசம் நான் யாருகிட்டயும் சொல்லாம மொத்தப் பாதையையும் தனியா மிதிச்சேன். பதினோரு இடத்துல வழி தெரியாம நின்னேன். ஒரு இடத்துல மாட்டுக் கொட்டகைக்குள்ளயே போயிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"லேயன்பெர்க்ல மட்டும் பலகையே இல்ல. ஆனா அங்க நான் நிக்கவே வேண்டியிருக்கல. ஒரு அம்மா தளிரைக் கட்டிக்கிட்டே, என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம, கையை நீட்டினாங்க." சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை மட்டும் தனியாக எடுத்தார். "நான் நம்பற சீட்டு இது ஒண்ணுதான். லேயன்பெர்க் கோடு இருக்கற எடத்துலயே இருக்கும். பலகை திங்கட்கிழமை வரும்."

எங்கள் இருபது பேரும் எழுந்து கத்தினோம். இர்ம்கார்ட் அழுதாள். ரோஸ்விதா மட்டும் நின்றபடியே இருந்தாள். சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அந்தப் பதினோரு இடம் எதெதுங்க?"

"இப்பவா சொல்லணும்?"

"எல்லாரும் இங்கதானே இருக்கோம். இப்ப சொன்னாத்தானே அடுத்த ஈஸ்டருக்குள்ள சரி பண்ணலாம்?"

திருமதி வெண்ட் ஒரு சின்ன நோட்டைப் பிரித்து வாசித்தார். ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆறாவது பெயர் எர்ல்ஹாஃப்.

"எர்ல்ஹாஃப்ல எங்க? திராட்சை பிழியற கொட்டகைக்குப் பின்னாடி, வண்டி நிறுத்தற எடத்துலயா?" என்று கேட்டாள் ரோஸ்விதா. அவள் குரலில் குத்தல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஹார்ட்முட் கால் மேல் போட்டிருந்த காலை இறக்கினான். பிறகு எழுந்து மேசைக்குப் போனான்.

"என் சீட்டைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்றான். "மாத்தி எழுதணும்."

அவனுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். அதற்குப் பின்னால் இன்னும் மூவர். மேசையில் ஒரே ஒரு பேனாதான் இருந்தது. சிறிது நேரத்தில் அந்த ஒரு பேனாவுக்காக முப்பத்தாறு பேரும், தலையைச் சொறிந்துகொண்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டும், மண்டபத்தின் கதவு வரை வரிசையில் நின்றார்கள். பொறுப்பாளர்களில் உட்கார்ந்திருந்தது ரோஸ்விதா ஒருத்திதான். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.